மினிபைக் டார்க் கன்வெர்ட்டர்: எங்கே எண்ணெய், எங்கே வெறும் துணி

வண்டி ஐடிலில் நிற்கும்போதே மெல்ல முன்னால் ஊர்கிறது. பிரேக்கைப் பிடித்தால் இன்ஜின் திணறுகிறது. ஆக்சிலேட்டரைத் திருகினால் முதலில் ஒன்றும் நடக்காமல், பிறகு திடீரென்று ஒரு குதி குதித்துக் கிளம்புகிறது. பெல்ட் போட்ட டார்க் கன்வெர்ட்டர் (இரண்டு புல்லியும் ஒரு பெல்ட்டும் சேர்ந்து, வேகத்துக்கு ஏற்பத் தானாகக் கியர் மாற்றும் அமைப்பு) உள்ள மினிபைக்கில் இந்த மூன்றும் சேர்ந்து வந்தால், பெரும்பாலும் கெட்டிருப்பது பெல்ட் இல்லை. பெல்ட் உட்கார்ந்திருக்கும் வெண்கல புஷ், அதாவது அச்சின் மேல் மாட்டியிருக்கும் சின்னக் குழாய், காய்ந்து போயிருக்கும். ஆனால் எல்லோரும் முதலில் மாற்றுவது பெல்ட்டைத்தான். புதுப் பெல்ட்டும் சில வாரங்களில் கருகும்.

இங்கே எடுத்துக்கொள்வது 30 சீரிஸ் வகை. கோமெட் டிஏவி2 வடிவத்தில், ஒரே பின்தகட்டில் இரண்டு புல்லியும் வரும் அமைப்பு. இன்ஜின் 196 அல்லது 212 சிசி. கிராங்க் ஷாஃப்ட் முக்கால் அங்குலம், செயினை ஓட்டும் ஜாக் ஷாஃப்ட் 5/8 அங்குலம், பின் புல்லி 6 அங்குலம். கிராங்கில் இருப்பதை முன் புல்லி என்றும், ஜாக் ஷாஃப்டில் இருப்பதைப் பின் புல்லி என்றும் சொல்லிக்கொண்டு போகலாம். காரில் இருக்கும் டார்க் கன்வெர்ட்டருக்கும் இதற்கும் பெயரைத் தவிர எந்தச் சம்பந்தமும் இல்லை. அது எண்ணெயில் முங்கி வேலை செய்வது. இதன் வேலை நடக்கும் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தாலும் கெட்டது. அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு இதற்குள் கிரீஸ் அடைத்து வைக்கிறவர்களும் உண்டு.

சிக்கல் இதுதான். ஒவ்வொரு புல்லியும் எதிரெதிரே நிற்கும் இரண்டு தட்டுகள்; அவற்றில் ஒன்று நகரும். பெல்ட் இந்தப் புல்லித் தட்டுகளைக் கவ்விப் பிடிக்க வேண்டும்; அதற்கு உராய்வு வேண்டும். அதே தட்டு தன் அச்சின் மேல் முன்னும் பின்னும் தடையில்லாமல் சறுக்க வேண்டும். அதற்கு வழவழப்பு வேண்டும். இரண்டு இடத்துக்கும் நடுவே இடைவெளி ஒரு விரல்கூட இல்லை. நிமிடத்துக்கு 3600 சுற்று சுற்றும் பொருளில், அச்சில் தடவிய எதுவும் வெளிப்பக்கமாக வீசப்பட்டுத் தட்டில்தான் போய்ச் சேரும்.

கழற்றும் முன் ஒரு நிமிடச் சோதனை. இன்ஜினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் தொப்பியைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டு, மூடியை எடுங்கள். பின் புல்லியில் பெல்ட் எங்கே இருக்கிறது? வெளி விளிம்புக்கு அருகில் இருந்தால் சரி. விளிம்பிலிருந்து உள்ளே இறங்கியே நின்றுவிட்டிருந்தால், பின் புல்லி முழுவதும் மூடிக்கொள்ளவில்லை. வண்டி ஒவ்வொரு முறையும் உயர் கியரில் கிளம்ப முயல்கிறது. அடுத்து, முன் புல்லியின் நடுவில் பெல்ட் தளர்ந்து கிடக்க வேண்டும். பெல்ட்டை விரலால் தூக்கி, அதன் அடியில் இருக்கும் வெண்கல புஷ்ஷை நகத்தால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றினால் நலம். சொரசொரவென்று நின்று நின்று சுற்றினாலோ, சுற்றவே மறுத்தாலோ குற்றவாளி கையில் கிடைத்துவிட்டது.

அந்தப் புஷ் என்ன செய்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானே புரியும். ஐடிலில் கிராங்க் சுற்றுகிறது, பெல்ட் நிற்கிறது. நிற்கும் பெல்ட்டுக்கும், கிராங்கோடு சுற்றும் முன் புல்லியின் நடுக் கம்பத்துக்கும் நடுவே இருப்பது இந்தப் புஷ் மட்டுமே. அதன் வெளிப்பக்கம் பெல்ட்டோடு நிற்க, உள்பக்கத்தில் கம்பம் வழுக்கிச் சுற்ற வேண்டும். புஷ் கம்பத்தைப் பிடித்துக்கொண்டால், அது பெல்ட்டின் அடிப்பாகத்தைத் தேய்த்துக்கொண்டே சுற்றும். வண்டி ஊர்வதும் அதனால்தான், பெல்ட்டின் உள்பக்கம் பளபளப்பாகக் கெட்டியாவதும் அதனால்தான். ஆகவே இதற்குத் தேய்மானம் ஓடும்போது வருவதைவிட நிற்கும்போது அதிகம். பத்து நிமிடம் ஐடிலில் விட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருப்பது, அரை மணி நேரம் ஓட்டுவதைவிடப் புஷ்ஷுக்குக் கெடுதல்.

ஐடில் வேகத்தையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். இந்த வகை இன்ஜினுக்கு 1400 சுற்று, முன்னே பின்னே 150. முன் புல்லி 2000 சுற்றைத் தாண்டித்தான் பெல்ட்டைப் பிடிக்க ஆரம்பிக்கும். ஐடில் 1800-க்கு ஏறிக் கிடந்தால், முன் புல்லிக்குள் வேகம் ஏற ஏற விரிந்து தட்டைப் பெல்ட்டின் மேல் தள்ளும் எடைத்துண்டுகள் பாதி விரிந்த நிலையிலேயே இருக்கும். புஷ் நன்றாக இருந்தாலும் வண்டி ஊரும். கார்புரேட்டரின் ஐடில் ஸ்க்ரூவைத் திருப்புவதோடு முடிகிற வேலைக்குப் புல்லியைக் கழற்ற வேண்டாம்.

கழற்றுதல்

முன் புல்லியைப் பிடித்திருப்பது கிராங்க் நுனியில் உள்ள 5/16-24 போல்ட், அரை அங்குலத் தலை. ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் இன்ஜினும் கூடச் சுற்றும். தட்டுகளுக்கு நடுவே ஸ்க்ரூடிரைவரைச் செருகி நிறுத்தாதீர்கள். தட்டின் விளிம்பில் விழும் ஒரு சின்ன வெட்டு, பெல்ட்டை ஒவ்வொரு சுற்றிலும் அரம் போல் சீவும். ஃபிளைவீலின் காற்றுச் சிறகுகளை முட்டுக் கொடுப்பதும் வேண்டாம், உடையும்.

இம்பாக்ட் கன் இருந்தால் இரண்டு நொடி வேலை. இல்லையென்றால் கயிறு. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துவாரத்தில் விரலை வைத்துக்கொண்டு கிராங்கை மெல்லச் சுற்றுங்கள். காற்று விரலைத் தள்ளுகிறது என்றால் பிஸ்டன் கம்ப்ரஷனில் மேலே வருகிறது; இரண்டு வால்வும் மூடியிருக்கிறது. உச்சியை அடையும் முன்பே நிறுத்தி, முடிச்சில்லாத, நூல் பிரியாத மெல்லிய நைலான் கயிற்றை ஒரு முழத்துக்குக் குறையாமல் உள்ளே விட்டு, நுனியை வெளியே தொங்க விடுங்கள். இப்போது போல்ட்டை இடப்பக்கமாகத் திருகினால் பிஸ்டன் கயிற்றில் முட்டி நிற்கும், போல்ட் கழலும். கம்ப்ரஷன் என்று உறுதி செய்துகொள்ளாமல் எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கில் இதைச் செய்தால் கயிறு திறந்திருக்கும் வால்வை அழுத்தும். வால்வு வளைந்துவிடலாம்.

திரும்ப முடுக்கும்போது கிராங்க் எதிர்த்திசையில் சுற்றும் என்பதால், பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியைத் தாண்டிக் கொஞ்சம் கீழே இறங்கியபின் கயிற்றை விட வேண்டும். இதை மறந்துவிட்டு, முன்பு போலவே விட்டுவிட்டு, பிஸ்டன் ஏன் நிற்கவில்லை என்று திகைப்பது வழக்கம்.

போல்ட்டும் வாஷரும் வந்தபின், வெளிப்பாதி முழுதாகக் கையோடு வரும். அதன் உள்ளே நகரும் தட்டு, எடைத்துண்டுகள், அவற்றைச் சுற்றிக் கட்டியிருக்கும் மோதிர ஸ்பிரிங் எல்லாம் இருக்கும். அடுத்து பெல்ட், அடுத்து புஷ், கடைசியாகக் கிராங்கில் கீயோடு (ஷாஃப்டின் பள்ளத்தில் செருகும் சின்ன இரும்புத் துண்டு) உட்கார்ந்திருக்கும் உள்பாதி. பெல்ட்டை எடுக்கும் முன் அதன் வெளிமுகத்தில் சாக்பீஸால் சுற்றும் திசைக்கு ஓர் அம்புக்குறி போட்டுவையுங்கள். இந்தப் பெல்ட் ஒரு பக்கம் ஏறக்குறைய நேராகவும் மறுபக்கம் சாய்வாகவும் இருக்கும். நேர்ப்பக்கம் இன்ஜினைப் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டாலும் மாட்டிக்கொள்ளும், ஓடவும் ஓடும். ஆனால் ஓரத்தில் மட்டும் அழுத்தம் விழுந்து நூல் பிரிய ஆரம்பிக்கும்.

உள்பாதி கிராங்கில் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தால் ஊடுருவும் எண்ணெய் விட்டு, ஓர் இரவு விட்டு, மூன்று கால் புல்லரால் இழுங்கள். தட்டின் விளிம்பைச் சுத்தியலால் தட்டினால் தட்டு வளையும். வளைந்த தட்டை நேராக்க முடியாது. ஊடுருவும் எண்ணெய் பட்ட இடமெல்லாம் பிறகு துடைத்தெடுக்க வேண்டும் என்பதை நினைவில் வைத்து, பீய்ச்சாமல் சொட்டாக விடுங்கள்.

உள்பாதி வெளியே வந்ததும் கிராங்க் ஆயில் சீலைத் தடவிப் பாருங்கள். விரலில் கறுப்பு எண்ணெய் வந்தால், புல்லியில் என்ன செய்தாலும் பயனில்லை. சீல் மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை.

புஷ்

இது வார்த்த வெண்கலம் இல்லை. வெண்கலத் தூளை அழுத்திச் சுட்டுச் செய்தது. அதன் கன அளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வெறும் நுண்துளைகள். அவற்றில்தான் எண்ணெய் ஊறியிருக்கும். சூடேறும்போது எண்ணெய் விரிந்து மேற்பரப்புக்கு வரும். ஆறும்போது திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். ஐந்து கன சென்டிமீட்டர் உலோகம் உள்ள புஷ் என்றால், உள்ளே இருப்பது ஒரு மில்லிலிட்டர் எண்ணெய். அவ்வளவுதான் அதன் ஆயுளுக்கான சொத்து.

அந்தச் சொத்தைக் காலி செய்வது பிரேக் கிளீனர். புல்லி அழுக்காக இருக்கிறதே என்று எல்லாவற்றையும் ஒரு தட்டில் போட்டு பிரேக் கிளீனரைப் பீய்ச்சினால், தட்டுகள் பளிச்சென்று ஆகும். புஷ்ஷின் துளைகளில் இருந்த எண்ணெயும் கரைந்து போய்விடும். மாட்டியதும் நன்றாகவே சுற்றும். இரண்டாவது, மூன்றாவது ஓட்டத்தில் கீச்சென்று கத்த ஆரம்பிக்கும். சுத்தம் செய்தபின் கெட்டது என்கிற புகார்களில் பாதி இதுதான்.

புஷ்ஷை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். கம்பத்தில் மாட்டி ஆட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு ஆட்டம் இருந்தாலோ, வெர்னியரில் இரண்டு திசையில் அளந்து 0.2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தாலோ, எண்ணெய் ஊற வைத்துப் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான். வெளிப்பக்கத்தில் பெல்ட் அகலத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தாலும் அப்படியே.

உருப்படியாக இருந்தால், எண்ணெயைத் திரும்ப ஏற்றலாம். எஸ்ஏஇ 30, டிடர்ஜென்ட் சேர்க்காத எண்ணெய். டர்பைன் ஆயிலும் ஆகும். கிரீஸ் கூடாது; கிராஃபைட் கலந்ததும், மாலிப்டினம் கலந்ததும் கூடாது. திடப்பொடி துளைகளை அடைத்துவிடும், பிறகு எண்ணெய் உள்ளே போகாது.

எளிய வழி, எண்ணெயில் புஷ்ஷை முழுக்கி 80 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, அதே எண்ணெயிலேயே ஆற விடுவது. சூட்டில் துளையில் இருக்கும் காற்று விரிந்து குமிழியாக வெளியேறும். ஆறும்போது அந்த இடத்துக்கு எண்ணெய் இறங்கும். நேரடித் தீயில் வைக்காமல், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் எண்ணெய்க் கிண்ணத்தை வையுங்கள்.

இன்னொரு வழி, லேத் பட்டறைகளில் பழையது. புஷ்ஷின் ஒரு வாயை ரப்பர் துண்டு வைத்துக் கட்டை விரலால் அடைத்துக்கொள்ளுங்கள். உள்ளே விளிம்பு வரை எண்ணெய் ஊற்றுங்கள். மேல் வாயை மற்ற கட்டை விரலால் மூடி, இரண்டு பக்கமும் சேர்த்து அழுத்துங்கள். சில நொடிகளில் புஷ்ஷின் வெளிச்சுவரில் வியர்வை அரும்புவது போல முத்து முத்தாக எண்ணெய் எட்டிப் பார்க்கும். சுற்றிலும் ஒரே சீராக அரும்பினால் துளைகள் திறந்திருக்கின்றன. ஒரு பக்கம் மட்டும் காய்ந்தே இருந்தால் அந்தப் பக்கம் தேய்ந்து, துளைகள் நசுங்கி மூடிவிட்டன; அந்தப் புஷ்ஷை நம்பாதீர்கள். ஊற வைப்பதோடு சோதனையும் ஆகிவிடுவதால் இந்த வழியே மேல்.

ஏற்றியபின் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். ஹேர் டிரையரால் புஷ்ஷைக் கை பொறுக்காத சூட்டுக்குக் கொண்டுபோனால், மேலதிக எண்ணெய் வெளியே கசியும். துடையுங்கள். மீண்டும் சூடாக்கி மீண்டும் துடையுங்கள். இரண்டாம் முறை துணியில் கறை மங்கலாக மட்டும் வர வேண்டும். வெளிப்பக்கத்தை டிஷ்யூ பேப்பரில் உருட்டினால் ஈரத்தடம் விழக்கூடாது. அங்கேதான் பெல்ட் உட்காரப் போகிறது. உள்பக்கம் தொட்டால் மென்மையான எண்ணெய்ப் பூச்சு, வெளிப்பக்கம் வறட்சி: அந்த நிலைதான் சரி.

கம்பத்தைப் பொறுத்தவரை, துரு இருந்தால் 400 நம்பர் எமரியும் பிறகு 600-உம். கம்பத்தைச் சுற்றிச் சுற்றித் தேயுங்கள், நீளவாக்கில் வேண்டாம். உலோகம் பளிச்சென்று தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். தேய்க்கத் தேய்க்க ஆட்டம்தான் கூடும்.

வெளிப்பாதி

எடைத்துண்டுகள் சறுக்கும் சரிவுகளில் பெல்ட் தூசு கறுப்பு மாவாக அடைந்திருக்கும். பழைய டூத் பிரஷ்ஷும் காற்றுக் குழாயும் போதும். தூசு வெளியே பறக்கும், மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள். மோதிர ஸ்பிரிங் ஓரிடத்தில் மட்டும் இழுபட்டு வளையங்கள் விலகியிருந்தால் மாற்றுங்கள். அது தளர்ந்தால் புல்லி முன்கூட்டியே பிடிக்கும்; வண்டிக்கு இழுவை குறைந்ததாகத் தோன்றும்.

இங்கே போடுவது உலர் பூச்சு மட்டும். உலர்ந்த பிடிஎஃப்இ (டெஃப்லான்) ஸ்ப்ரே, அல்லது உலர்ந்த மாலிப்டினம் டைசல்ஃபைடு ஸ்ப்ரே, அல்லது கிராஃபைட் தூள். டப்பாவில் உலர் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிடிஎஃப்இ என்ற பெயரில் வருவதில் பாதி ஈர எண்ணெய்தான். கண்ணாடித் துண்டில் கொஞ்சம் அடித்துப் பத்து நிமிடம் விட்டுத் தொட்டால் தெரிந்துவிடும். விரல் வழுக்கி, விரலில் எண்ணெய்ப் பசை ஒட்டினால் அது இங்கே ஆகாது.

தட்டின் பெல்ட் முகத்தை மாஸ்கிங் டேப்பால் முழுக்க மூடுங்கள். சரிவுகளுக்கும் நகரும் தட்டு சறுக்கும் இடத்துக்கும் மெல்லிய ஒரு பூச்சு. கால் மணி நேரம் காய விட்டு இன்னொன்று. கனமான ஒரே பூச்சு செதிலாக உரியும். டேப்பை எடுத்தபின், தட்டைக் கையால் உள்ளே வெளியே இருபது முறை நகர்த்துங்கள். முதலில் இருக்கும் சொரசொரப்பு குறைந்துகொண்டே போய், கடைசியில் ஒரே சீராக வழுக்க வேண்டும். எந்த இடத்திலாவது தட்டுப்பட்டால் அங்கே முறுக்கிய பிசிறு இருக்கிறது. மென்மையான அரத்தால் எடுத்துவிட்டு அந்த இடத்துக்கு மட்டும் மறுபூச்சு.

உலர் பூச்சுதானே என்று பெல்ட் முகத்தில் படவிட்டால் அதுவும் வழுக்கும். பிடிஎஃப்இ பட்ட தட்டிலிருந்து அதை எடுப்பது எண்ணெயை எடுப்பதைவிடக் கடினம்.

பின் புல்லி

பெல்ட் உள்ளே இறங்கியே நின்றுவிடுகிற கோளாறு இங்கேதான். நகரும் தட்டு உள்ளே ஒரு கம்பத்தின் மேல் சறுக்குவதோடு திரும்பவும் செய்கிறது. அதன் பிளாஸ்டிக் குமிழ்கள் கேம் என்கிற துண்டில் உள்ள சரிவுகளில் ஏறி இறங்கும். ஸ்பிரிங் ஒரே நேரத்தில் தள்ளவும் முறுக்கவும் செய்யும். கம்பத்தில் துரு வந்தால் ஸ்பிரிங்கால் தட்டைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

சோதிக்க, பெல்ட் இல்லாமல் நகரும் தட்டைக் கையால் திருகித் திறந்துவிட்டு விடுங்கள். டப்பென்று மூட வேண்டும். மெல்ல நகர்ந்து மூடினால் பிரித்துச் சுத்தம் செய்யும் நேரம் வந்துவிட்டது. மழையில் நனைந்து, அப்படியே சில வாரம் நிறுத்தி வைத்த வண்டியில் இது கட்டாயம் இருக்கும்.

பிரிக்கும் முன் கேமில் ஸ்பிரிங்கின் நுனி எந்தத் துளையில் இருக்கிறது என்று மார்க்கரால் குறியுங்கள். கைபேசியில் ஒரு படமும் எடுங்கள். பெரும்பாலானவற்றில் மூன்று துளை, நடுத்துளையே வழக்கம். கேமை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, அதைப் பிடித்திருக்கும் சர்க்ளிப் வளையத்தை எடுங்கள். அழுத்தாமல் எடுத்தால் கேம் முகத்துக்கு நேரே எகிறும். கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது. ஷாஃப்ட் கீ சின்னது, கீழே விழுந்து தொலைவதில் கெட்டிக்காரத்தனம் உள்ளது.

கம்பத்தை எமரியால் சுத்தம் செய்து உலர் பூச்சு இரண்டு. பிளாஸ்டிக் குமிழ்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வைத்தால் போதும். ஒருபக்கமாகத் தட்டையாகத் தேய்ந்திருந்தால் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் தட்டு சாய்ந்து உட்காரும்.

திரும்பக் கோக்கும்போது ஸ்பிரிங்கின் இரு நுனியையும் துளைகளில் விட்டு, கேமைக் கீயில் பொருத்தி, நகரும் தட்டை ஏறக்குறைய மூன்றில் ஒரு சுற்று முறுக்கி, குமிழ்கள் அடுத்த சரிவில் விழுந்ததும் கேமை அழுத்திச் சர்க்ளிப்பைப் போடுங்கள். இந்த முறுக்கு இல்லாமல் மூடினாலும் பார்ப்பதற்குச் சரியாகவே இருக்கும். ஆனால் ஏற்றத்தில் இழுவை கொஞ்சமும் இருக்காது. இறுக்கமான துளைக்கு மாற்றினால் கியர் தாமதமாக ஏறும், ஏற்றத்தில் சீக்கிரம் இறங்கிக் கொடுக்கும். தளர்வான துளையில் எதிர்மாறு. பராமரிப்புக்காகப் பிரித்தபோது துளையையும் மாற்றிப் பார்ப்போமே என்று போனால், எது எதனால் மாறியது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. முதலில் பழைய துளையிலேயே ஓட்டிப் பாருங்கள்.

ஜாக் ஷாஃப்ட் பேரிங்குகள் இருபுறமும் ரப்பர் சீல் உள்ளவை. அவற்றுக்கு வெளியிலிருந்து எதுவும் போட வேண்டாம். கையால் சுற்றும்போது மணல் அரைவது போல் இருந்தால் மாற்றுவதுதான். சீலில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படித்து, 5/8 அங்குல உள்விட்டம்தானா என்று உறுதி செய்து வாங்குங்கள். வழக்கமான 6202 பேரிங் 15 மி.மீ.; 5/8 என்பது 15.875. வெளியளவு இரண்டுக்கும் ஒன்றே என்பதால் கடையில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள்.

புஷ்ஷுக்குள் ஊறும் எண்ணெய் போக, ஈரமான பொருள் ஒன்றே ஒன்று, ஓரிடத்தில் அனுமதி. ஷாஃப்டுகளின் மேல், புல்லி உட்காரும் இடத்தில், துருப்பிடித்து ஒட்டாமலிருக்க ஆன்டி-சீஸ் கடுகளவு. விரலால் தடவி, பின் துணியால் துடைத்து, சாம்பல் நிழல் மட்டும் மிஞ்ச வேண்டும்.

செயினையும் மறக்க வேண்டாம். பின்தகட்டின் மறுபக்கம்தான் ஓடுகிறது என்றாலும், ஸ்ப்ரே அடித்த உடனே கிளம்பினால் செயின் எண்ணெய் தெறித்து வந்து சேரும். மெழுகு வகை போட்டு, கால் மணி நேரம் காய விட்டபின் ஓட்டுங்கள்.

பெல்ட்டும் தட்டு முகமும்

தட்டு முகங்களை ஐசோப்ரொப்பைல் நனைத்த துணியால் துடைத்து, சாம்பல் நிற நார்ப்பட்டையால் வட்டமாக ஒரு முறை தேய்த்து, மறுபடி துடையுங்கள். கண்ணாடிப் பளபளப்பு போய் மங்கலாக வர வேண்டும். பெல்ட் ஓரங்கள் வழவழப்பாக இருந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் காய வைத்து, 120 நம்பர் எமரியால் லேசாகச் சொரசொரப்பாக்கலாம். பெட்ரோல், மண்ணெண்ணெய் எதிலும் நனைக்காதீர்கள், ரப்பர் ஊதும்.

பெல்ட்டின் மேல் அகலத்தைப் புதிதாக வாங்கிய அன்றே வெர்னியரில் அளந்து எழுதி வையுங்கள். 2 மி.மீ. குறைந்தால் மாற்றுங்கள். சுற்றளவில் ஏதாவது ஓரிடம் மட்டும் இடுப்பு சிறுத்தது போல் இருந்தால், எவ்வளவு அகலம் மிஞ்சியிருந்தாலும் அது முடிந்தது. சக்கரம் பூட்டிய நிலையில் ஆக்சிலேட்டர் கொடுத்த இடம் அது. ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் வரும்போது வண்டி ஒரு துடிப்பு துடிக்கும்.

அடிக்கடி கருகினால் செயின் விகிதத்தைக் கணக்குப் பாருங்கள். இந்த அமைப்பு ஏறக்குறைய 2.7-இலிருந்து 0.9 வரை மாறும். 10 பல், 60 பல் என்றால் செயின் விகிதம் 6. கிளம்பும்போது மொத்தம் 16.2, முழு வேகத்தில் 5.4. 145/70-6 டயரின் உயரம் 355 மி.மீ.; 3600 சுற்றில் மணிக்கு 45 கி.மீ. அருகில் வரும். வேகம் வேண்டும் என்று பின்னால் 40 பல் போட்டால் கணக்கில் 67 கி.மீ.; நடைமுறையில் பெல்ட் வழுக்கிச் சூடாகிக்கொண்டே இருக்கும்.

மாட்டுதல்

உள்பாதி, புஷ், பெல்ட், வெளிப்பாதி. வெளிப்பாதியின் பற்கள் கம்பத்தின் பற்களில் முழுக்க இறங்கிவிட்டதா என்று போல்ட் போடும் முன் கையால் திருப்பிப் பாருங்கள். இரண்டு பாதியும் சேர்ந்தே திரும்ப வேண்டும். பற்கள் மேல் நிற்கும்போதே போல்ட்டை முடுக்கினால் பற்கள் நசுங்கும். மரையில், போல்ட் தளராமல் பிடிக்கும் பசையான நடுத்தர வலிமை நீல லாக்டைட் ஒரு சொட்டு; முடுக்கம் 20 முதல் 25 நியூட்டன் மீட்டர். அதிகச் சொட்டு விட்டால் முடுக்கும்போது பிதுங்கி உள்ளே போய்ப் பற்களை ஒட்டும்.

பின்தகட்டிலிருந்து பெல்ட்டின் நேர்ப்பக்க ஓரம் வரை, இரண்டு புல்லிக்கு அருகிலும் எஃகு அடிக்கோலால் அளந்து பாருங்கள். வித்தியாசம் ஒரு மி.மீ.க்குள் இருக்க வேண்டும். கூடினால் கிராங்கில் மெல்லிய வாஷர் சேர்த்தோ எடுத்தோ சரி செய்யலாம். அதற்கு முன், பின்தகட்டின் போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். வளைந்த பின்தகடு என்று நினைத்தது பாதி நேரம் தளர்ந்த போல்ட்டாக இருக்கும்.

மூடியைப் போடும் முன் ஒரு வேலை: முன் புல்லித் தட்டின் பெல்ட் முகத்தில், மையத்திலிருந்து விளிம்பு வரை மார்க்கரால் மூன்று கோடுகள் இழுங்கள். மூடியைப் போட்டு, பெல்ட் பழக ஐந்து நிமிடம் மெதுவாக ஓட்டி, பிறகு ஒரு முறை முழு வேகம். நிறுத்தித் திறந்து பாருங்கள். பெல்ட் எங்கே வரை ஏறியதோ அங்கே வரை கோடு அழிந்திருக்கும். விளிம்புக்கு அருகில் வரை சீராக அழிந்திருந்தால் எல்லாம் தடையின்றி நகர்கிறது. பாதியில் நின்றுவிட்டிருந்தால் பின் புல்லி முழுவதும் திறக்கவில்லை, அல்லது ஸ்பிரிங் இறுக்கம். மூன்றில் ஒரு கோடு மட்டும் வேறு உயரத்தில் நின்றிருந்தால் தட்டு சாய்ந்து நகர்கிறது. எடைத்துண்டு ஒன்று மாட்டிக்கொண்டிருக்கிறது.

சக்கரத்தைத் தூக்கி நிறுத்திவிட்டு, மூடி இல்லாமல் ஆக்சிலேட்டரைத் திருகி உட்கார்ந்து பார்ப்பது மட்டும் வேண்டாம். அறுந்த பெல்ட் முகத்தின் உயரத்தில்தான் வரும்.

முதல் அரை மணி நேர ஓட்டத்துக்குப் பின், ஆறவிட்டு, கிராங்க் போல்ட்டின் முடுக்கத்தை டார்க் ரெஞ்ச்சால் ஒருமுறை சோதித்து, புஷ்ஷை நகத்தால் சுற்றிப் பார்த்து, அதன் வெளிப்பக்கத்தை டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். மஞ்சள் கறை வந்தால் எண்ணெய் இன்னும் கசிகிறது. பெல்ட்டின் அடிப்பக்கத்தையும் துடைத்துவிட்டு மூடுங்கள். அதன்பின் பத்துப் பதினைந்து மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை இந்த நகச் சோதனை போதும். நகம் தடுமாறினால் மட்டும் போல்ட்டில் கை வையுங்கள்.